தள்ளிப்போன வரியும் குட்டி போடும்

பங்குகளை அடிக்கடி வாங்கி விற்பதா, வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருப்பதா என்ற விவாதத்தில் வரியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் இரண்டு எண்களைச் சொல்வார்கள். லாபத்தில் இந்தியாவில் 20, 12.5 சதவீதம். அமெரிக்காவில் உச்ச வருமானக்காரருக்கு 37, 20. குறித்த காலத்துக்குள், அதாவது ஓராண்டுக்குள், விற்றால் பெரிய எண், கடந்து விற்றால் சின்ன எண். விகித வித்தியாசம் உண்மைதான். ஆனால் பல ஆண்டுகள் காத்திருப்பவருக்குக் கிடைக்கும் அனுகூலத்தில் பெரும்பங்கு அந்த வித்தியாசத்திலிருந்து வருவதில்லை. வரியை எப்போது கட்டுகிறோம் என்பதிலிருந்து வருகிறது. கணக்குப் போட்டால் தெரியும்.

இரண்டு பேரிடம் ஆளுக்கு 100 இருக்கிறது. எந்த நாணயமானாலும் சரி. இருவரின் பங்குகளும் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்கின்றன. முதலாமவர் ஒவ்வோர் ஆண்டும் விற்று, லாபத்துக்கு 20 சதவீத வரி கட்டி, மீதியை மறுபடி முதலீடு செய்கிறார். அவர் கைக்கு வருவது ஆண்டுக்கு 8 சதவீதம். 20 ஆண்டுகளில் அவருடைய 100, ஏறத்தாழ 466 ஆகியிருக்கும். இரண்டாமவர் 20 ஆண்டுகள் தொடவே இல்லை. அவருடைய 100, ஏறத்தாழ 673 ஆகிறது. இறுதியில் ஒரே தடவை விற்கிறார். அவருக்கு எந்தச் சலுகையும் கிடையாது, அதே 20 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டால்கூட, வரி போக மிஞ்சுவது 558. அதாவது, விகிதம் ஒன்றாக இருந்தும் 92 கூடுதல். இப்போது நீண்ட காலச் சலுகையையும் கொடுத்து 12.5 சதவீதம் வரி விதித்தால் 601 மிஞ்சும். சலுகையால் வந்த கூடுதல் 43 மட்டுமே.

ஆக, எல்லோரும் பேசும் விகித வித்தியாசம் தந்தது 43. யாரும் பேசாத காலதாமதம் தந்தது அதைப் போல இரண்டு மடங்கு. காரணம் எளிது. பெரும்பாலான நாடுகளில் விற்கும் வரை லாபத்துக்கு வரி இல்லை. விலை ஏறியது காகிதத்தில் மட்டும்தான். கட்ட வேண்டிய வரி பங்குக்குள்ளேயே தங்கி, அதுவும் சேர்ந்து வளர்கிறது. அரசுக்குச் சேர வேண்டிய பணத்தை வட்டியில்லாக் கடனாக வைத்துக்கொண்டு சம்பாதிப்பது போன்றது இது. சாதாரணக் கடனில் இல்லாத ஒரு வசதியும் இதில் இருக்கிறது: பங்கு விலை இறங்கினால் கடனும் தானாகவே சுருங்கிவிடும்.

இதையே முதலாமவரின் பக்கம் நின்று பார்க்கலாம். 601 என்ற இடத்துக்கு அவரும் வந்து சேர வேண்டுமானால், ஒவ்வோர் ஆண்டும் விற்று வரி கட்டிக்கொண்டே, வரிக்கு முன் 11.7 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். சும்மா இருந்தவரைவிட 1.7 சதவீதப் புள்ளிகள் அதிகம். அதுவும் ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ அல்ல, 20 ஆண்டுகள் தொடர்ச்சியாக. முடியாது என்று சொல்லவில்லை. சாமர்த்தியத்தால் மட்டுமே ஈடுகட்ட வேண்டிய பள்ளம் அது.

இந்தக் கணக்கு கால அளவைப் பொறுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே எண்களை 3 ஆண்டுகளுக்குப் போட்டால், ஆண்டுதோறும் விற்றவருக்கு 126. கடைசியில் ஒரே தடவையாக அதே 20 சதவீதம் கட்டியவருக்கு 126.5. தாமதத்தின் பலன் வெறும் 0.5. சலுகை விகிதம் கிடைத்தால் 129. குறுகிய ஓட்டத்தில் விகிதம்தான் ராஜா. நெடிய ஓட்டத்தில் தாமதம் அதை முந்திவிடுகிறது. 2 அல்லது 3 ஆண்டுகள் மட்டும் வைத்திருக்கப்போகிறவர் கூட்டு வளர்ச்சியின் மகிமையைப் பற்றிப் பேசுவதில் பெரிய அர்த்தம் இல்லை. நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்துக்கொடுக்கும் டிவிடெண்டுக்கும் இந்த மகிமை கிடையாது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் அது பெறுபவரின் வருமானத்தோடு சேர்ந்து அந்தந்த ஆண்டே வரிக்கு உட்படுகிறது.

ஓராண்டு என்ற கோடு

குறுகிய காலம், நீண்ட காலம் என்று பிரிக்கும் கோடு ஏதோ பொருளாதார விதியிலிருந்து பிறந்ததல்ல. நாட்டுக்கு நாடு, ஆட்சிக்கு ஆட்சி நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அமெரிக்கா 1921-ல் இயற்றிய சட்டம், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த சொத்துகளின் ஆதாயத்துக்கு உச்ச வரம்பாக 12.5 சதவீதம் என்று வைத்தது; இந்தியா இன்று நீண்ட கால ஆதாயத்துக்கு வைத்திருக்கும் அதே எண். 1934-ல் அமெரிக்கா ஒற்றைக் கோட்டைக் கைவிட்டுப் படிக்கட்டு முறைக்குப் போனது: ஓராண்டுக்குள் விற்றால் ஆதாயம் முழுவதும் வரிக்கணக்கில் சேரும், அதற்குப் பிறகு 80 சதவீதம், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 60, ஐந்துக்குப் பிறகு 40, பத்துக்குப் பிறகு 30. என் பார்வையில் ஒற்றைக் கோட்டைவிட இது நியாயமான யோசனை, ஆனால் நீடிக்கவில்லை. 1986-ன் வரிச் சீர்திருத்தம் வித்தியாசத்தையே எடுத்துவிட்டு எல்லா ஆதாயத்தையும் சாதாரண வருமானமாக்கியது. சில ஆண்டுகளிலேயே வித்தியாசம் திரும்பி வந்துவிட்டது. இன்று அங்கே ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் வருமானத்தைப் பொறுத்து 0, 15 அல்லது 20 சதவீதம். ஓராண்டோ அதற்குக் குறைவோ என்றால் சம்பளத்தைப் போலவே வரி.

இந்தியாவின் கதை இன்னும் வேகமானது. 2004 அக்டோபர் 1 முதல், சந்தையில் விற்கப்படும் பங்குகளின் நீண்ட கால ஆதாயத்துக்கு வரியே இல்லை. குறுகிய கால ஆதாயத்துக்கு 10 சதவீதம். கூடவே, ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் கட்டும் பங்குப் பரிவர்த்தனை வரி வந்தது. 2008-ல் குறுகிய கால வரி 15 ஆனது. 2018 ஏப்ரல் 1 முதல், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நீண்ட கால ஆதாயத்துக்கு 10 சதவீத வரி திரும்பி வந்தது. 2018 ஜனவரி 31 வரை ஏறியிருந்த விலைக்கு மட்டும் விலக்கு. 2024 ஜூலை 23 அன்று பட்ஜெட் உரை முடிந்தபோது விகிதங்கள் 20, 12.5 என்றும், விலக்கு வரம்பு 1.25 லட்சம் என்றும் மாறியிருந்தன. அமலும் அன்றைக்கே. ஜெர்மனியில் 2008 இறுதி வரை வாங்கிய பங்கை ஓராண்டு கடந்து விற்றால் சாதாரண முதலீட்டாளருக்கு வரி கிடையாது. 2009 முதல் வாங்கியவற்றுக்கு எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் 25 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரி.

தாமதத்தைப் புகழ்கிறவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடக் கூடாது. வரியைத் தள்ளிப்போடுகிறவர், நாளைய விகிதம் இன்றையதைவிட மோசமாக இருக்காது என்றும் சேர்த்தே பந்தயம் கட்டுகிறார்.

கோடே இல்லாத நாடுகளும் உண்டு. பிரிட்டனில் 1998 முதல் 2008 வரை, வைத்திருக்கும் காலம் கூடக் கூட வரி தேய்ந்துகொண்டே வரும் ஏற்பாடு இருந்தது. இப்போது காலக் கணக்கு இல்லை. வருமானத்தைப் பொறுத்து 18 அல்லது 24 சதவீதம். கனடாவில் எத்தனை நாள் வைத்திருந்தாலும் மூலதன ஆதாயத்தில், அதாவது சொத்தை விற்ற லாபத்தில், பாதி வருமானத்தில் சேரும். சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரியே கிடையாது. சுவிட்சர்லாந்திலும் தனி முதலீட்டாளருக்குப் பங்கு லாபத்துக்கு வருமான வரி இல்லை.

அப்படியானால் அங்கெல்லாம் அடிக்கடி விற்றால் என்ன என்று தோன்றும். அங்கேதான் அடுத்த கேள்வி எழுகிறது: நீங்கள் முதலீட்டாளரா, வியாபாரியா? வியாபாரி என்று முடிவானால் லாபம் மூலதன ஆதாயமாக இருப்பதில்லை, தொழில் வருமானமாகிவிடுகிறது. சிங்கப்பூரில் எவ்வளவு அடிக்கடி விற்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள், என்ன நோக்கத்தோடு வாங்கினீர்கள் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்தின் வரித்துறை, தொழில்முறை வியாபாரி இல்லை என்று தயங்காமல் ஏற்றுக்கொள்வதற்குச் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது. பங்குகளைக் குறைந்தது 6 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று; ஆண்டின் மொத்த வாங்கல் விற்றல், ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த கையிருப்பின் ஐந்து மடங்கைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. முன்வாசல் வழியாக அனுப்பிய காலக் கணக்கு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது.

இந்தியாவில் இந்த வழக்கு வெகு நாள் இழுத்தது. ஒரே ஆளின் லாபத்தை அவர் மூலதன ஆதாயம் என்பார், வரி அதிகாரி வியாபாரம் என்பார். 2016 பிப்ரவரியில் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை மூலம் சண்டையைத் தணித்தது: 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கின் லாபத்தை மூலதன ஆதாயம் என்று ஒருவர் காட்டினால் அதிகாரி மறுக்கக் கூடாது, ஆனால் அவர் அடுத்த ஆண்டுகளில் நிலைப்பாட்டை மாற்றக் கூடாது. காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் தின வர்த்தகம் மட்டும் தனிச் சாதி. அது ஊக வணிக வருமானம். சம்பளத்தோடு சேர்ந்து அவரவர் வரி வரம்புக்கேற்ப வரி. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இது 20 சதவீதத்தைவிடக் கனமானது. வருமானம் குறைந்தவருக்குச் சில சமயம் இலகுவானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழில் வருமானம் என்பதால் செலவுகளையும் கழித்துக்கொள்ளலாம்.

லாபமே இல்லாமல் கட்டும் வரி

இதுவரை பார்த்ததெல்லாம் லாபத்தின் மேல் வரும் வரி. அடிக்கடி வாங்கி விற்பவரை அரித்துத் தின்பது வேறொன்று: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்டும் வரி. இந்தியாவில் அன்றே விற்றுவிடாமல் பங்கைத் தன் கணக்குக்கு வாங்கிக்கொண்டால் (டெலிவரி) வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். பார்க்கச் சின்னது. மாதம் ஒரு தடவை மொத்தக் கையிருப்பையும் மாற்றுகிறவருக்கு ஆண்டில் 24 தடவை 0.1, அதாவது போட்ட முதலில் 2.4 சதவீதம். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது இதைச் செலவாகக் கழிக்கவும் விடமாட்டார்கள். புரோக்கர் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் தனி. பிரிட்டனில் வாங்கும்போது மட்டும் 0.5 சதவீதம், மாதம் ஒரு தடவை மாற்றினால் அதுவே 6 சதவீதம்.

இந்த வகை வரிக்கு எல்லை எங்கே என்பதைச் சுவீடன் பட்டுத் தெரிந்துகொண்டது. 1984-ல் வாங்குவதற்கு 0.5, விற்பதற்கு 0.5 சதவீதம் என்று வரி போட்டது. 1986-ல் இரண்டையும் இரட்டிப்பாக்கியது. ஊக வணிகம் அடங்குவதற்குப் பதிலாக வணிகமே கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டது. 1990 வாக்கில் சுவீடன் பங்குகளின் வர்த்தகத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் நடந்தது. 1991-ல் வரி ரத்தானது.

வரியை முழுக்க ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அடிக்கடி விற்பவரின் நிலைமை சிலாக்கியமாக இல்லை. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரண்டு பேராசிரியர்கள், அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை ஒரு தள்ளுபடிக் கட்டணத் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குச் செலவு போக ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது. சந்தை தந்ததோ 17.9. வருமான வரி இந்தக் கணக்கிலேயே சேரவில்லை.

வரிக்குப் பயந்து விற்காமல் இருப்பது

எதிர்த்திசைத் தவறும் இருக்கிறது. அதற்கு யாரும் பெயர் வைத்துத் திட்டுவதில்லை. விற்க வேண்டிய பங்கை, வரி கட்ட மனமில்லாமல் பிடித்துவைத்துக்கொள்வது. பொருளாதார அறிஞர்கள் இதை முதலீடு பூட்டப்பட்டுவிடுவதாகச் சொல்வார்கள்.

100-க்கு வாங்கிய பங்கு 11-ஆம் மாதத்தில் 140-ல் நிற்கிறது. நிறுவனத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. இப்போது விற்றால் 40 லாபத்தில் 20 சதவீதம், அதாவது 8 வரி, கையில் 132. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் 12.5 சதவீதம், அதாவது 5 வரி, கையில் 135. விலை அசையாமல் இருந்தால்தான் இது. விலை 136.57-க்கு இறங்கினாலே காத்திருந்த பலன் பூஜ்யம். 2.4 சதவீத இறக்கம். சந்தையில் இது ஒரு பிற்பகல் வேலை. லாபம் 40 இல்லாமல் 10 மட்டுமே என்றால் 0.8 சதவீத இறக்கமே போதும். வரியின் மேல் போடும் கூடுதல் வரியான செஸ்ஸைச் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், கதை மாறாது. அமெரிக்காவில் 37 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இதே பங்கில் 6 சதவீத இறக்கம் வரை தாங்கும். அவர் நாட்காட்டியைப் பார்ப்பதில் நியாயம் அதிகம். பார்ப்பவர் சரியாகப் பார்க்க வேண்டும்: அங்கே வாங்கிய தேதியிலேயே அடுத்த ஆண்டு விற்றால் அது இன்னும் குறுகிய காலம்தான், மறுநாள் விற்றால்தான் நீண்ட காலம்.

பெரிய லாபத்தில் பயமும் பெரிதாகிறது. 100-க்கு வாங்கியது 500 ஆகிவிட்டது. விற்று வேறொன்றுக்கு மாறினால் 12.5 சதவீதக் கணக்கில் 50 போய்விடும், 450-தான் மிஞ்சும். "50-ஐ ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். ஆனால் அந்த 50 என்றைக்கானாலும் கொடுக்க வேண்டியதுதான். இப்போது கொடுப்பதால் இழப்பது அதன் வளர்ச்சியை மட்டுமே. பழைய பங்கு இன்னும் 10 ஆண்டுகள் ஆண்டுக்கு 10 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டால், புதிய பங்கு 10.7 சதவீதம் வளர்ந்தாலே இரண்டும் சமம். முக்கால் புள்ளி வித்தியாசத்துக்காக, நம்பிக்கை போன ஒரே பங்கில் மொத்தச் சொத்தையும் வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் உண்டு.

நட்டத்தில் எல்லாம் தலைகீழ். இந்தியாவில் குறுகிய கால நட்டத்தைக் குறுகிய கால லாபத்தோடும் நீண்ட கால லாபத்தோடும் ஈடுகட்டலாம்; நீண்ட கால நட்டம் நீண்ட கால லாபத்துக்கு மட்டுமே ஈடாகும். மீதியை 8 ஆண்டுகள் கொண்டுபோகலாம், அந்த ஆண்டின் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால். தின வர்த்தக நட்டமோ ஊக வணிக லாபத்துக்கு மட்டுமே ஈடாகும், அதுவும் 4 ஆண்டுகள்தான். ஆகவே தேறாத பங்கை 12 மாதம் முதிரவிடுவது வரிக் கணக்கில் மட்டமான யோசனை. ஓராண்டுக்குள் விற்ற நட்டத்துக்குத்தான் மதிப்பு அதிகம். மனித மனம் நேர்மாறாக நடக்கிறது: ஏறிய பங்கைச் சீக்கிரம் விற்று, இறங்கியதைக் கட்டிக்கொண்டு அழுகிறது. ஓடியனே 1998-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதை அமெரிக்கக் கணக்குகளில் காட்டியது. வரியாண்டு முடியும் டிசம்பரில் மட்டும் மக்கள் நட்டத்தை விற்றார்கள். விற்றுவிட்டு உடனே அதையே திரும்ப வாங்கும் தந்திரத்துக்கு அமெரிக்கா தடை வைத்திருக்கிறது. விற்பதற்கு முன்போ பின்போ 30 நாட்களுக்குள் அதே பங்கை வாங்கியிருந்தால் அந்த நட்டத்தை அப்போதைக்குக் கழிக்க முடியாது.

சிறு முதலீட்டாளருக்கு, தாமதத் தத்துவத்தையே மீறும் ஒரு விதிவிலக்கு உண்டு. இந்தியாவில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை நீண்ட கால ஆதாயத்துக்கு வரி இல்லை. அந்த ஆண்டில் பயன்படுத்தாவிட்டால் போனதுதான், அடுத்த ஆண்டுக்கு வராது. ஆகவே மார்ச் முடிவதற்குள் அந்த அளவுக்கு லாபம் வரும்படி விற்றுத் திரும்ப வாங்கிக்கொண்டால், வாங்கிய விலை வரியில்லாமல் உயர்ந்துவிடும். ஆண்டுக்கு அதிகபட்சம் 15,625 ரூபாய் மிச்சம், செஸ் தனி. இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. விற்ற அன்றே வாங்கினால் தின வர்த்தகமாகிவிடும். திரும்ப வாங்கிய பங்குக்கு 12 மாதக் கடிகாரம் புதிதாக ஓட ஆரம்பிக்கும். ஒரே பங்கைப் பல தவணைகளில் வாங்கியவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் முதலில் வந்தது முதலில் போனதாகவே கொள்ளப்படும். போன மாதம் வாங்கியதை விற்றேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

விற்கவே விற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டால்? இதற்கும் நாட்டுக்கொரு பதில். இந்தியாவில் வாரிசுக்குப் பங்கோடு சேர்ந்து பழைய வாங்கிய விலையும் வைத்திருந்த காலமும் வந்து சேரும். தள்ளிப்போன வரி அடுத்த தலைமுறையின் கணக்கில் தொடரும். கனடாவில் இறந்த நாளில் விற்றதாகவே பாவித்து வரியைக் கணக்கிடுவார்கள்; வாழ்க்கைத் துணைக்குப் போனால் மட்டும் தள்ளிப்போடலாம். அமெரிக்காவில் வாரிசின் வாங்கிய விலை, இறந்த நாளின் சந்தை விலையாக மாறிவிடும். அதுவரை ஏறிய லாபத்துக்கு யாருமே வருமான வரி கட்ட வேண்டியதில்லை.